ஒரு எஃப் குறைந்தால்

சென்ற மாதம் ஒரு சங்கத்துக்கு 1000 ரூபாய் கொடுத்தேன். ரசீதில் 'ஒன் ஆஃப் டொனேஷன்' என்று ஒரே எஃப் போட்டு எழுதியிருந்தார்கள். ஒரு எஃப் என்றால் 'பலவற்றில் ஒன்று'. இரண்டு எஃப் போட்டால்தான் 'இந்தத் தடவையோடு சரி'. எழுதியபடியே இம்மாதமும் வந்து நின்றார்கள்!

நம் வாயில் இரண்டும் ஒன்றாக ஒலிப்பதால் வந்த வினை. புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த நான், 'தோன் பொங்க்துயேல்' என்பதை ஆங்கிலத்தில் 'பங்க்சுவல்' நன்கொடை என்று எழுதி அலுவலகத்தில் அசடு வழிந்தவன்தான். ஆனாலும் எழுத்துப் பிழைதானே என்று விட முடியாது. பென்ஷன்காரர் பணம் ஐயா! ஆங்கிலம் எதற்கு? 'ஒருமுறை நன்கொடை' என்று தமிழில் எழுதினால் யாருக்கு என்ன குறைச்சல்? நண்பர்களே, ரசீதைப் படித்துப் பார்த்துவிட்டு மடியுங்கள்.