போட்டுக் கொடுத்தது யாரு?



சேலத்துல இருந்து ஏற்காடு ஏறி, அங்கேருந்து வெள்ளக்கடை போற ரூட் முழுக்க வளைவுதான். ஏற்காட்டுக்கு மட்டுமே 20 கொண்டை ஊசி. ஒவ்வொரு திருப்பத்துலயும் டிரைவர் ஹாரன் அடிச்சாகணும். அடிச்சும் எதிர் வண்டி ஒதுங்கலைன்னா, தப்பு அவர் மேல இல்லை. அடிக்காம விட்டா..?

பைபிள்ல எசேக்கியேல் 33-ம் அதிகாரம் சொல்றதும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். கோட்டைக் காவலுக்கு நிக்கிற ஜாமக்காரன், பகைவன் வர்றதைப் பார்த்தா எக்காளம் ஊதணும். ஊதியும் ஊர் அசட்டையா இருந்தா பழி ஊர் மேல. பார்த்துட்டும் ஊதலைன்னா, ரத்தப்பழி அவன் மேல. ஆக, தீர்க்கதரிசின்னா எதிர்காலம் சொல்ற ஜோசியர் மட்டும் இல்லை மக்களே, தப்பைத் தப்புன்னு கத்திச் சொல்ற வாட்ச்மேன்!

இன்ஜினீயரிங் படிக்கிற எனக்கு உடனே ஞாபகம் வந்தவர் சத்யேந்திர துபே. கான்பூர் ஐ.ஐ.டி-யில் சிவில் முடிச்சவர். தங்க நாற்கரச் சாலைத் திட்டத்துக்காக ஜார்கண்ட் மாநிலம் கோடர்மாவில் வேலை. அங்கே நடந்த முறைகேடுகளைப் பார்த்துட்டு சும்மா இருக்க முடியலை. 2002 நவம்பர்ல பிரதமருக்கே லெட்டர் எழுதினார். 'என் பேர் ரகசியமா இருக்கட்டும்'னும் கேட்டுக்கிட்டார். ஆனா, பேரோடவே அந்த லெட்டர் ஆபீஸ் ஆபீஸா சுத்துச்சு. 2003 நவம்பர் 27, கயாவில் சுட்டுக் கொன்னுட்டாங்க. வயசு 30. 'கொள்ளைக்காரங்க வேலை'ன்னு சொன்னது சி.பி.ஐ. 2010-ல் மூணு பேருக்கு ஆயுள் தண்டனை. கொலைக்குக் காரணம் எதுவா இருந்தாலும், பேரைக் கசியவிட்டது கசியவிட்டதுதானே?

அவர் சாவுக்குப் பிறகுதான், இப்படிப் புகார் தர்றவங்களைக் காப்பாத்துற பொறுப்பை 2004-ல் மத்திய கண்காணிப்பு ஆணையத்துக்குக் கொடுத்தாங்க. பார்லிமென்ட்ல சட்டம் நிறைவேற இன்னும் பத்து வருஷம் ஆச்சு... 2014!

ஜாமக்காரனோட கடமை என்னன்னு தெளிவா இருக்கு. கேக்கிற ஊருக்கு ஒரு கடமையும் இல்லையா? நம்ம எல்லாருக்குமே எக்காளம் ஊதுற தைரியம் இருக்காது, ஒத்துக்கறேன். ஊதினவனைக் காட்டிக் கொடுக்காம இருக்க எவ்வளவு தைரியம் வேணும்?

ஹாஸ்டல்ல ராகிங் பத்தி ஒரு ஜூனியர் மொட்டைக் கடுதாசி போட்டா, நம்ம ரூம்ல எழும்புற முதல் கேள்வி, 'எவன்டா போட்டுக் கொடுத்தது?'. அடுத்த தடவை, 'அவன் எழுதினது நிஜமாடா?'ன்னு கேட்டுப் பார்ப்போமா பாஸ்?