கைமாறிய காரும் மாறாத பெயரும்

புளியும் சாமையும் கொள்முதல் செய்ய ஜவ்வாது மலை ஏறும் நம் வணிகக் குடும்பங்களிலும், பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் ஆசை பிள்ளைகளுக்கு வந்துள்ளது. ஆசையைக் குறை கூற மாட்டோம். தாழ்ந்த வண்டி ஜமுனாமரத்தூர் மலைப்பாதைக்கு ஒத்துவருமா என்று ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆர்.சி.யில் உள்ள பெயர் அப்படியல்ல.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, மாநிலத்திற்குள் விற்றவர் 14 நாட்களிலும் வாங்கியவர் 30 நாட்களிலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளானால், பதிவேட்டில் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெங்களூர் வண்டியானால் தடையில்லாச் சான்றும் வேண்டும். தமிழ்நாட்டு வரியையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

பில் இல்லாமல் ஒரு மூட்டை துவரம்பருப்பு இறக்காத நாம், லட்சக்கணக்கில் கொடுக்கும் காருக்கு வாய்ச்சொல்லை நம்பலாமா? வாங்குவோர் பெயர் மாறும்வரை ஒரு பகுதிப் பணத்தை நிறுத்தி வைப்பதே முறை. விற்போரும் கையெழுத்தோடு கடமை முடிந்ததென இருந்துவிடலாகாது.