ஆந்தை அலறினால் மௌத்தா?



வீட்டில் ஒருவர் நோயாகக் கிடக்கும்போது கூரைமேல் ஆந்தை அலறினால் உம்மும்மாமாரின் முகம் வாடிவிடும். "மௌத்துக்குக் கூப்பிடுகிறது" என்று கல்லெறிந்து விரட்டச் சொல்வார்கள். இந்த அச்சம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. இரவுப் பறவை ஒன்று வீட்டின்மேல் வந்திறங்கினால் தமக்கோ வீட்டாருக்கோ மரணம் நெருங்கிவிட்டது என்று ஜாஹிலிய்யா காலத்து அரபிகளும் நம்பினார்கள். அதை 'ஹாமா' என்றார்கள். அப்படி ஒன்று இல்லை என நபி (ஸல்) அவர்கள் மறுத்திருப்பதைப் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் காணலாம். (ஹாமாவுக்கு வேறு விளக்கமும் உண்டு, இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இரண்டையும் எழுதியிருக்கிறார்கள்.)

மார்க்கத் தீர்ப்பு இவ்வளவுதான். தீர்ப்பைக் கேட்ட பிறகும் நடுநிசியில் அந்தச் சத்தம் வந்தால் நெஞ்சு படபடக்கிறதே! அதற்கு நான் சொல்லும் மருந்து ஒரு கொப்பியும் பென்சிலும்.

ஒரு வீட்டில் சீலிங்குக்கு மேல் யாரோ நடக்கும் சத்தம். கூடவே, அடுப்பு அணைந்த வீட்டில் ரம்பை போட்டுச் சோறு ஆக்கிய வாசம். ஜின்தான் என்று முடிவுகட்டி இசிமும் கட்டியாயிற்று. கல்யாணம் பேசியிருந்த மூத்த பிள்ளையைப் பற்றி ஊரில் கதையும் கிளம்பிவிட்டது. ஓதிப் பார்க்க என்னை அழைத்தார்கள். ஜின்கள் இருப்பதை நாம் நம்புகிறோம். அதற்காக ஓட்டுக்குக் கீழே நடப்பதெல்லாம் ஜின் ஆகிவிடுமா? திகதி, பிறை, நேரம், கேட்டது, மணத்தது என்று கோடு போட்டு இரண்டு கிழமை எழுதச் சொன்னேன். எழுதியது அந்த மூத்த பிள்ளைதான். சத்தம் இஷாவுக்குப் பின் வெளியே போகிறது, ஸுப்ஹுக்கு முன் திரும்புகிறது. காலையில் மதிலின்மேல் கித்துள் விதை நிறைந்த எச்சம். பத்தாம் இரவு டோர்ச் வெளிச்சத்தில் ஜம்பு மரத்தில் இரண்டு கண்கள் மின்னின. மரநாய்! அதன் உடல் மணம் ரம்பையை ஒத்தது. குட்டிகள் உள்ளே இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அது வெளியே போன நேரம் பார்த்து ஓட்டின் சந்தை அடைத்தார்கள். கல்யாணம் குறித்த திகதியிலேயே நடந்தது.

தஹஜ்ஜுதுக்கும் ரமழானில் ஸஹருக்கும் எழும்பும் நம் பெண்களுக்கு இது சிரமமான வேலையல்ல. பிறைக் கணக்கும் உங்கள் கையில் இருக்கிறது. இருட்டு நாளில் வருவது எது, நிலவு நாளில் வருவது எது என்பதை மூன்று மாதக் கொப்பி காட்டிவிடும். டோர்ச்சின் முகத்தில் சிவப்பு செலோபேன் தாளைக் கட்டுங்கள். இரவுப் பிராணிகளில் பல அந்த வெளிச்சத்தைப் பொருட்படுத்துவதில்லை. கொய்யாவை வௌவால் கடித்துவிட்டது என்று கோபம் வருகிறதா? நாம் நட்ட மரத்தில் பறவையோ பிராணியோ தின்பதும் நமக்கு ஸதகா என்ற ஹதீஸை நினைத்துக்கொண்டு அதையும் எழுதுங்கள்.

ஆந்தை வரும் மரத்தடியைக் காலையில் பாருங்கள். மயிரும் எலும்புமாக உருண்டைகள் கிடக்கும். செரிக்காததை அது வாயால் கக்கிவிடும். குச்சியால் பிரித்தால் எலியின் மண்டையோடு தெரியும். எலிக்கு நஞ்சு வைத்தால் அந்த எலியைத் தின்னும் ஆந்தையும் சாகக்கூடும்.

பெண் ஒப்பாரி வைப்பதுபோல் கத்தும் காட்டுப் பறவை ஒன்றும் நம் நாட்டில் உண்டு. அதுவும் ஒரு பெரிய ஆந்தைதான் என்பதே பலரின் கருத்து. சிங்களத்தில் அதற்கு 'உலமா' என்று பெயர். எங்களைச் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள்! 1995இல் கித்துல்கலைக் காட்டில் இரவில் கேட்ட பழக்கமில்லாத குரலொன்றை தீபால் வரகாகொட என்ற பறவை ஆய்வாளர் விடாமல் தேடினார். 2001இல் சிங்கராஜவில் அதைக் கண்ணால் கண்டார். உலகம் அதுவரை அறியாத சிறு ஆந்தை இனம் அது என்று 2004இல் பதிவாயிற்று.

இரவில் புல்லுக்குள் இறங்காதீர்கள், விரியன் நடமாடும் நேரம். விறாந்தையில் இருந்தே பாருங்கள். விழுந்து கிடக்கும் வௌவாலையோ மரநாயையோ பிள்ளைகள் கையால் தொட விடவேண்டாம். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் விசர்நோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.