மண்டையில் ஏறவில்லையா?

"எனக்கு ஞாபகசக்தியே கிடையாது" என்று நம் கல்லூரி வராந்தாவில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் சொல்கிறார்கள்! அவர்களே பார்த்த படத்தின் கதையைக் காட்சி மாறாமல் சொல்லிவிடுவார்கள். இது வேடிக்கையாகப் பேசிவிட்டுப் போகிற விஷயமன்று. கோட்டுச்சேரியிலிருந்து என்னோடு பேருந்தில் வந்துகொண்டிருந்த நண்பன் இரண்டாம் பருவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டான். அவன் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் அவன்தான். கேட்டதற்கு, "மண்டையில ஏறலடா" என்றான். ஆனால் அவன் அப்பாவின் மளிகைக் கடையில் யார் எவ்வளவு பாக்கி என்பதை நோட்டைப் பாராமல் சொல்வான். ஆளின் முகமும் வாங்கிய சாமானும் கண்முன் நிற்கின்றன. தொகை அவற்றோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அவ்வளவுதான்.

நாமோ வரலாற்று ஆண்டுகளை வெறும் எண்களாக உருப்போடுகிறோம். முகமும் இல்லை, இடமும் இல்லை. தேர்வு மண்டபத்தில் 1739 எங்கோ ஓடி மறைகிறது.

இந்த உண்மையை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதி 101 வெண்பாக்கள் கொண்டது. ஒரு பாட்டு முடியும் சொல்லே அடுத்த பாட்டைக் கைபிடித்து அழைத்து வருகிறது. கடைசிப் பாட்டின் முடிவு முதற்பாட்டின் தொடக்கத்தோடு சேர்கிறது. நடுவில் ஒன்று விட்டுப்போனால் சங்கிலி அறுந்தது உடனே தெரிந்துவிடும். பக்திச் சுவை ஒருபுறமிருக்க, ஏடு கையில் இல்லாதவனும் பாட்டைச் சுமந்து செல்ல இதைவிட நல்ல வழி ஏது?

யாப்பிலக்கணத்தையும் பாருங்கள். நேர்நேர், நிரைநேர் என்பன நம்மை அச்சுறுத்துகின்றன. இலக்கண ஆசிரியர்கள் அவற்றுக்குத் தேமா, புளிமா என்று பெயரிட்டனர். ஒன்று இனிக்கும் மா, மற்றொன்று புளிக்கும் மா! பெயரைச் சொன்னாலே ஓசை வந்துவிடும். தேமா என்பதே நேர்நேர். மூன்றாம் அசை நேரானால் தேமாங்காய், நிரையானால் தேமாங்கனி. ஆனித் திங்களில் மாங்கனி இறைக்கும் ஊர்க்காரர்களுக்கு இதைவிட எளிதாக யார் சொல்லித் தர முடியும்? ஆனாலும் இதையும் நாம் உருப்போட்டே கெடுத்தோம்.

மேலை நாட்டிலும் இது உண்டு. விருந்து மண்டபம் இடிந்து விழுந்தபின், யார் எங்கே அமர்ந்திருந்தார் என்ற நினைவைக் கொண்டே கிரேக்கக் கவிஞர் சிமோனிடிஸ் சிதைந்த உடல்களை அடையாளம் காட்டினார் என்று சிசரோ எழுதியுள்ளார். இடத்தோடு பொருளைச் சேர்க்கும் அந்த முறையை நான் எங்கள் ஓட்டு வீட்டில் செய்து பார்த்தேன். திண்ணையில் பதினாறு வயது டேனிய மாலுமி இருபது மிளகு மூட்டையோடு உட்கார்ந்திருக்கிறான்: தரங்கம்பாடி, 1620. ரேழியில் பதினேழு வயதுப் பிரெஞ்சுச் சிப்பாய் முப்பத்தொன்பது மாம்பழக் கூடையைச் சுமந்து வந்து நிலைப்படியில் இடித்துக்கொள்கிறான்: காரைக்கால், 1739. கூடத்தில் பதினெட்டு வயது ஆங்கிலேயன் நாற்பத்தைந்து ரூபாயை டேனியனிடம் எண்ணி வைக்கிறான்: தரங்கம்பாடி விற்பனை, 1845. (விற்ற விலை அதுவன்று, அதைத் தேர்வில் எழுதிவிடாதீர்கள்.) கிணற்றடியில் 1954, கொல்லையில் 1962. படம் எவ்வளவு கோமாளித்தனமோ அவ்வளவு அழுத்தமாக நிற்கிறது.

"இதெல்லாம் பிறவி வரம்" என்பார் உண்டு. 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திய செய்குத்தம்பிப் பாவலர் போன்றோரைக் காட்டுவர். பாவலரைப் போல் நூறு வேலையை ஒருசேரச் செய்ய நம்மால் முடியாதுதான். ஆனால் 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 72 சொற்களில் சராசரியாக 26ஐ மட்டுமே நினைவில் வைத்த சாதாரண மக்கள், நாள்தோறும் அரைமணி நேரம் ஆறு வாரம் இம்முறையில் பழகியபின் 62 சொற்களைச் சொன்னார்கள்.

டேனியர் தரங்கம்பாடியை ஏன் விற்றனர் என்று கேட்டால் எங்கள் திண்ணையும் கூடமும் வாய் திறக்கமாட்டா. அதற்குப் பாடத்தைப் படித்தே தீர வேண்டும். பேராசிரியப் பெருமக்களை ஒன்று வேண்டுகிறேன். எதை நினைவிற்கொள்ள வேண்டும் என்று மூன்றாண்டு சொல்கிறீர்கள். எப்படி என்பதற்கு முதலாண்டில் ஒரே ஒரு மணி நேரம் ஒதுக்கக் கூடாதா?

போன மாதம் நண்பனின் கடைக்குப் போயிருந்தேன். டேனியனை அரிசி மூட்டைக்குப் பின்னாலும் சிப்பாயைத் தராசுத் தட்டிலும் வைத்தான். ஐந்து ஆண்டுகளையும் தலைகீழாகவே ஒப்பித்துக் காட்டினான். கல்லூரிக்குத் திரும்புவானா என்று கேட்டேன். வாடிக்கைக்காரர் ஒருவர் வந்துவிட்டார். பதில் சொல்லாமல் புளி நிறுக்கப் போய்விட்டான்.