படத்தில் 'குடும்பம்', பெயரில் தகராறு!

ஆயுத பூஜை வந்துவிட்டால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் ஆலை வாசல்களில் வாழை மரம் கட்டுகிறார்கள். மெஷினுக்குச் சந்தனம், குங்குமம்; தொழிலாளிக்குப் பொரி கடலையும் ஒரு ஸ்வீட் பெட்டியும். பழைய மில் காலத்திலிருந்து வரும் வழக்கம் இது. அன்று ஒரு பொழுதாவது மெஷின் ஓய்வதில் நமக்கும் சந்தோஷமே.

ஆனால் இப்போது இந்த விழாக்களுக்குப் புதிதாக ஒருவர் வருகிறார். தோளில் இரண்டு காமிரா, கையில் ஒரு தாள். பூஜைக்கு மட்டுமல்ல, குடும்ப தினம், பாதுகாப்பு வாரம், மகளிர் தினம், ஆண்டு விழா எல்லாவற்றுக்கும் வருகிறார். விழா யாருக்காக நடக்கிறது என்பதை அந்தத் தாளைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். கம்பெனியின் விளம்பர இலாகா எழுதிக் கொடுப்பது அது. மேடைத் துணியில் உள்ள கம்பெனிப் பெயர் பாதியில் வெட்டுப்படக் கூடாது. சின்னத்தின் வர்ணம் மங்கக் கூடாது. எண்ணெய்க் கறை படிந்த சட்டை முன்வரிசைக்கு வரக் கூடாது. வேறு கம்பெனிப் பெயருள்ள பையோ, பாட்டிலோ கண்ணில் படக் கூடாது. பெண்கள் முன்னால் நிற்க வேண்டும். பெரிய அதிகாரி கேக் வெட்டும்போது சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் சிரிக்க வேண்டும். கடைசியில் அனைவரும் கையைத் தூக்கிக் குதிக்க வேண்டும். அன்றிரவே படங்கள் போய்ச் சேர வேண்டும். விடிவதற்குள் உலகம் பார்க்க வேண்டும் அல்லவா?

இதற்கெல்லாம் 'பிராண்டு' என்று பெயர். கம்பெனியின் பெயர் சந்தையில் விலைபோவதற்காக அதற்குப் பூசும் மெருகு. முன்பு சாமான்களுக்கு மட்டும் பூசினார்கள். இப்போது தொழிலாளியின் முகத்தை எடுத்துப் பூசுகிறார்கள்.

மார்ச் 8ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1910ல் கோபன்ஹேகன் மாநாட்டில் கிளாரா ஜெட்கின் எழுப்பிய யோசனையிலிருந்து பிறந்த நாள் அது. வாக்குரிமை கேட்டு, வேலை உரிமை கேட்டுப் பெண்கள் தெருவில் இறங்கிய நாள். இங்கே அது ஒரு ரோஜாப் பூவும், ஊதா நிற மேடையும், ஒரு குரூப் போட்டோவுமாகச் சுருங்கிவிட்டது. கழிப்பறைக்குப் போய்வர எத்தனை நிமிஷம் என்ற பேச்சை அந்த மேடையில் எடுத்துப் பாருங்கள், தெரியும்!

போட்டோக்காரர் மீது நமக்குக் கோபம் இல்லை. அவரும் கூலிக்காரர்தான். காலையிலிருந்து இரவு வரை நின்று எடுக்கிறார். வீட்டுக்குப் போய் விடிய விடியப் படங்களைப் பொறுக்குகிறார். நடுவில் விழா நடத்தும் ஏஜென்சி தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. மீதிப் பணத்துக்கு அவர் அலைய வேண்டும். அவர் எடுத்த படத்தில் அவர் பெயர்கூட இருப்பதில்லை.

அதே ஆலைக்குள் தொழிலாளி படம் எடுக்க முடியுமா? பல ஆலைகளில் செல்போனை வாசலிலேயே வாங்கி வைக்கிறார்கள். இல்லாவிட்டால் காமிராக் கண்ணின் மேல் காகிதம் ஒட்டி அனுப்புகிறார்கள். தொழில் ரகசியம் என்கிறார்கள். ரகசியம் இருக்கலாம். உடைந்த காப்புக் கம்பியும், வழுக்கும் தரையும்கூட தொழில் ரகசியமா?

இந்தப் பழக்கம் சினிமா பிறந்த நாளிலேயே பிறந்தது. 1895ம் ஆண்டு, பிரான்ஸ் தேசத்து லியோன் நகரம். லூமியேர் சகோதரர்கள் போட்டோத் தகடு செய்யும் ஆலையின் முதலாளிகள். தங்கள் புதிய யந்திரத்தை அவர்கள் திருப்பியது தங்கள் ஆலை வாசலின் மீது. தொழிலாளிகள் வேலை முடிந்து வெளியே வருகிறார்கள். ஒரு நிமிஷம்கூட ஓடாத படம். அந்த டிசம்பர் 28ந் தேதி பாரிஸில் காசு கொடுத்து வந்த ஜனங்களுக்குக் காட்டினார்கள். இதே காட்சியை மூன்று தடவை எடுத்திருக்கிறார்கள். மூன்று படங்களும் இன்றும் இருக்கின்றன. பெண்கள் நல்ல உடையில், தொப்பியோடு சுறுசுறுப்பாக நடந்து வருகிறார்கள். என்ன கூலி, எத்தனை மணி நேரம், எதுவும் அதில் கிடையாது. தகடு செய்தவர்கள் அவர்கள். படம் முதலாளியின் படம்.

இனி நம் ஊருக்கு வருவோம். சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலை இருக்கிறது. 2007 முதல் நடக்கிறது. பிரிட்ஜ், டெலிவிஷன், வாஷிங் மெஷின் செய்கிறார்கள். 2024 செப்டம்பர் 9ந் தேதி அங்கே வேலைநிறுத்தம் தொடங்கியது. சங்க அங்கீகாரம் முதல் கோரிக்கை. 37 நாள் நின்றார்கள். ஊர்வலம் போனவர்கள் கைது செய்யப்பட்டார்கள், பந்தல் பிடுங்கப்பட்டது. இதெல்லாம் நீங்கள் அறிந்ததே. ஆனால் சங்கத்தைப் பதிவு செய்வதற்குக் கம்பெனி சொன்ன ஆட்சேபணைகளில் ஒன்றைக் கவனியுங்கள்: சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் வரக் கூடாதாம்! அது கம்பெனியின் வர்த்தக முத்திரையாம்!

தொழிலாளியின் அடையாள அட்டையில் அந்தப் பெயர் இருக்கலாம். அவன் பூட்டும் ஒவ்வொரு பெட்டியிலும் இருக்கலாம். விழா மேடையில் அவன் தலைக்கு மேல் பத்தடி நீளத்துக்குத் தொங்கலாம். அவன் தன் சங்கத்தின் பலகையில் எழுதினால் மட்டும் முத்திரைக்குக் களங்கமா? விஷயம் ஹைகோர்ட்டு வரை போயிற்று. 2025 ஜனவரி 27ந் தேதி அந்தப் பெயரோடுதான் சங்கம் பதிவாயிற்று.

காண்டிராக்ட் தொழிலாளியின் கதி இன்னும் விசேஷம். குதிக்கும் படத்தில் அவரும் 'எங்கள் குடும்பம்'. போனஸ் கேட்டாலோ, கை நசுங்கி நஷ்டஈடு கேட்டாலோ, "அவர் எங்கள் ஆள் அல்ல, காண்டிராக்டரைக் கேளுங்கள்" என்ற பதில் வருகிறது. பயிற்சித் தொழிலாளியைக் காலம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவர் சிரிப்பு மட்டும் கம்பெனி விளம்பரத்தில் வேலை பார்த்துக்கொண்டே இருக்கிறது, சம்பளமில்லாமல்!

கிராமத்தில் கூலி வேலை செய்யும் தாய் தந்தையருக்கும் இதில் சம்பந்தம் உண்டு. மகள் அனுப்பும் விழாப் படத்தைப் பார்த்து நீங்கள் பூரிக்கிறீர்கள். அது இயற்கை. ஆனால் 2021 டிசம்பரில் நடந்தது என்ன? பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு விஷமாகி 150க்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவர்களுடைய தோழிகள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அந்தப் படம்தான் கடல் தாண்டிப் போயிற்று. தங்குமிடமும் சாப்பாட்டு அறையும் தன் விதிகளின்படி இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பின் கீழ் வைத்தது. அதற்கு முந்திய எந்த விழாப் படத்திலும் அந்த அறைகள் வரவில்லை.

2023ல் பார்லிமெண்ட் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் செய்தது. 2025 நவம்பரில் விதிகளும் வந்தன. கட்டம் கட்டமாக அமலாகும் என்கிறார்கள். ஒருவர் தரும் சம்மதம் நிர்ப்பந்தமில்லாததாக, இன்ன காரியத்துக்கென்று தெளிவாக, பின்னால் திரும்பப் பெறக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். வேலைக்குச் சேரும் நாளில் கட்டோடு நீட்டும் தாள்களில் போடும் கையெழுத்து இந்த ரகமா? மாட்டேன் என்று சொன்ன ஆளை சூபர்வைசர் மறுநாள் எந்த மெஷினுக்கு மாற்றுவார்?

எனவே கோரிக்கைப் பட்டியல் எழுதும்போது சங்கக் கிளைகள் இதையும் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்கிறோம். விளம்பரப் படத்துக்கு நிற்க மறுப்பவர் மீது நடவடிக்கை கூடாது. வேலையை விட்டுப் போனவர், நீக்கப்பட்டவர் கேட்டால் அவர் படத்தை எடுத்துவிட வேண்டும். விளம்பரத்துக்குப் பயன்படுத்தினால் மாடலுக்குக் கொடுப்பதுபோல் பணம் கொடுக்க வேண்டும். படத்தில் குடும்பம் என்று காட்டிய காண்டிராக்ட் தொழிலாளிகளின் பெயர்ப் பட்டியலை, பேச்சுவார்த்தை மேஜையில் அதே படத்தோடு வைக்க வேண்டும். படங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சாட்சிக்கு உதவும்.