குட்டைக்கு எத்தனை குதிரை வேண்டும்?

போன வாரம் கோத்தகிரியிலிருந்து நண்பரின் மகன் போன் செய்தான். "அங்கிள், படகு மோட்டார் செத்துப் போச்சு. கோயமுத்தூர்ல விசாரிச்சேன், 15 எச்.பி. எடுக்கச் சொல்றாங்க. மலையில பவர் குறையுமாம். நீங்க என்ன சொல்றீங்க?"

நான் மின்வாரியத்தில் இருந்து குந்தாவில் ஓய்வு பெற்றவன். அணையில் வேலைப் படகு என்ஜின்களைக் கழற்றி மாட்டிய பழக்கம் உண்டு. அதனால் இந்த வீட்டில் பம்பு நின்றாலும் மிக்ஸி நின்றாலும் எனக்குத்தான் அழைப்பு வரும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் தேயிலைத் தோட்டத்தின் அடிப்பள்ளத்தில் நாலு ஏக்கரில் ஒரு குட்டை. ஊற்றுத் தண்ணீர். இரண்டு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறான். வருகிறவர்களை ஏற்றிச் சுற்ற 12 அடி ஃபைபர் படகு. அதில் கடற்கரைப் பக்கமிருந்து பழசாக வாங்கிய 8 எச்.பி. டூ-ஸ்ட்ரோக் மோட்டார். உதவிக்கு இருந்த பையன் ஒருநாள் ஆயில் கலக்காமல் வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டிவிட்டான். பிஸ்டன் இறுகிவிட்டது. டூ-ஸ்ட்ரோக்குக்குப் பெட்ரோலோடு போகும் அந்த ஆயில்தான் உயிர்.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் எண்பது சதவீதம்தான். தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும்; குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்று என் மனைவி நாற்பது வருஷமாகச் சொல்வதும் இதே கணக்குதான். காற்று குறைந்தால் என்ஜின் எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறையும். எட்டுக் குதிரை வாங்கினால் ஆறரைதான் இழுக்கும். கார்புரேட்டர் என்ஜினாக இருந்தால் பெட்ரோல் அதிகமாகக் கலந்து பிளக் கறுத்துப் போகும். சின்ன ஜெட் மாற்ற வேண்டும். 'இன்ஜெக்ஷன் வண்டி தானாகவே சரி பண்ணிக்கும்' என்பார்கள். பெட்ரோல் அளவைச் சரி பண்ணும். இல்லாத காற்றை எங்கிருந்து கொண்டு வரும்?

அதற்காகப் பெரிய என்ஜினா? அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. 12 அடி படகு தண்ணீரைக் கிழித்துப் போகும்போது தானே ஒரு அலையை எழுப்பி அதற்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. மணிக்கு எட்டு கிலோமீட்டர் சொச்சம்தான் அதன் இயல்பான எல்லை. அதுவரை போக இரண்டு குதிரை தாராளம். அதைத் தாண்ட வேண்டுமானால் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்மேல் சறுக்க வேண்டும், 15 எச்.பி. அதற்குத்தான். அந்தக் குட்டை நீளவாக்கில் இருநூறு மீட்டர் இருந்தால் அதிகம். சறுக்கத் தொடங்கினால் அரை நிமிஷத்தில் எதிர்க்கரைத் தேயிலைச் செடிக்குள் இறங்கிவிடலாம். போதாததற்கு அந்த கனத்தைத் தாங்கும்படி அந்தப் படகின் பின்பலகை செய்யப்படவும் இல்லை.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. அந்தக் குட்டைக்குக் கீழே முப்பது வீடுகள். அவர்கள் குழாயில் வருவது இந்தத் தண்ணீர்தான். பழைய கார்புரேட்டர் டூ-ஸ்ட்ரோக், ஊற்றும் பெட்ரோலில் கால் பங்கு வரை எரிக்காமலே ஆயிலோடு வெளியே தள்ளிவிடும். படகு போன பிறகு தண்ணீரில் வானவில் மாதிரி மினுங்கும் படலத்தை நானே பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் தாஹோ என்று நம்ம கோத்தகிரி உயரத்திலேயே ஒரு பெரிய மலை ஏரி. அங்கே இந்த வகை என்ஜின்களை 1999-லேயே தடை செய்துவிட்டார்கள். ஃபோர்-ஸ்ட்ரோக் எவ்வளவோ மேல்தான். ஆனாலும் டேங்கில் பெட்ரோல் ஊற்றும்போது கை தவறாத ஆள் யார்?

"பேட்டரி மோட்டார் வாங்குப்பா" என்றேன். அவன் சிரித்தான். பொம்மை என்று நினைத்திருப்பான். ஜெர்மனியில் கோனிக்ஸே என்ற மலை ஏரியில் 1909 முதல் மின்சாரப் படகுகள் பயணிகளை ஏற்றி ஓடுகின்றன. மின் மோட்டாருக்கு மூச்சே கிடையாது. கடற்கரையில் இழுப்பதை தொட்டபெட்டா உச்சியிலும் இழுக்கும். 55 பவுண்டு தள்ளுவிசை உள்ள சின்ன மோட்டார் 12 வோல்ட்டில் முழு வேகத்துக்கு 50 ஆம்பியர் கேட்கும். நூறு ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி ஒன்று போட்டால் முழு வேகத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வரும். பாதி வேகத்தில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். எடை பன்னிரண்டு கிலோ சுமார். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் சாதா பேட்டரி என்றால் முப்பது கிலோ, அதிலும் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் போய்விடும்.

எல்லா இடத்துக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. பைக்காரா மாதிரி அகன்ற தண்ணீரில், மதியக் காற்று எழும் இடத்தில், ஆட்களை நிறைய ஏற்றுகிறவர்களுக்கு நல்ல ஃபோர்-ஸ்ட்ரோக்கும் கூடுதல் குதிரையும் வேண்டும். அங்கே கடைக்காரர் சொல்வது சரி. புரொப்பல்லரையும் ஒரு அங்குலம் இரண்டு அங்குலம் பிட்ச் குறைத்துப் போட்டால்தான் என்ஜின் முழுச் சுற்றுக்கு வரும். நாலு ஏக்கர் குட்டை பைக்காரா இல்லை.

"வர்றவங்க ஸ்பீடு கேப்பாங்களே அங்கிள்?" என்றான். சத்தமில்லாமல் போனால் கரையில் காட்டெருமை தண்ணீர் குடிப்பதைப் பார்க்கலாமே, அதற்கு யார் காசு கொடுக்க மாட்டார்கள் என்று கேட்டேன். பதில் இல்லை.

நேற்று மறுபடியும் போன். ஷாஃப்ட் நீளம் எப்படிப் பார்ப்பது என்று கேட்டான். பின்பலகையின் உயரத்தை அளந்து பார், பதினைந்து அங்குலமா இருபதா என்று சொல் என்றேன். லைஃப் ஜாக்கெட்டும் ஒரு ஜோடி துடுப்பும் எந்த மோட்டார் வாங்கினாலும் படகில் இருந்தாக வேண்டும் என்றும் சொன்னேன். இன்னொன்றைச் சொல்ல மறந்துவிட்டேன், இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: ஜனவரியில் அந்தப் பள்ளத்தில் உறைபனி விழும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் போடக் கூடாது. ராத்திரி பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துக்கொள்.