"அதைப் படிச்சு என்ன பிரயோஜனம்?"

மக்களே, புனேவுல நம்ம ஆளுங்க நாலு குடும்பம் சேர்ந்தா, பேச்சு எங்க சுத்தினாலும் கடைசியில பிள்ளைங்க படிப்புலதான் வந்து நிக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ்னா எல்லார் முகத்துலயும் சிரிப்பு. "எனக்கு பிஸிக்ஸ் பிடிச்சிருக்கு அங்கிள்"னு ஒரு பொண்ணு சொல்லிட்டா போச்சு. "அதைப் படிச்சு என்னம்மா பிரயோஜனம்?" இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது.

சரி, பிரயோஜனமே இல்லாத மாதிரி தெரியற ஒன்னையே எடுத்துக்குவோம். காலியம் ஆர்சனைடு ஒரு அடுக்கு, அதே சரக்குல அலுமினியம் கலந்தது ஒரு அடுக்கு, இப்படி சில நானோமீட்டர் தடிமன்ல மாத்தி மாத்தி அடுக்கினா அதுதான் சூப்பர்லாட்டிஸ். 1970ல ஐபிஎம்ல எசாகியும் ட்சுவும் சொன்ன யோசனை. அதுமேல ஒளி விழுந்தா ஒரு எலக்ட்ரான் கிளம்பும். அந்த எலக்ட்ரானும் அது விட்டுட்டுப் போன காலியிடமும் ஜோடியாவே திரியும். அந்த ஜோடிக்குப் பேர் எக்ஸிடான்.

இப்ப வோல்டேஜ் கொடுங்க. சாதாரண கட்டியில ஜோடி பிரிஞ்சு ஆளுக்கொரு பக்கம் ஓடிடும். இங்க அடுக்குச் சுவர் தடிமனா இருந்தா பிரிய முடியாது. உறிஞ்சுற ஒளி மட்டும் சிவப்புப் பக்கம் நகரும். 1984ல பெல் லேப்ஸ்ல மில்லர், செம்லா குழு இதை விளக்கினாங்க.

சுவர் மெல்லிசா இருந்தா கதையே தலைகீழ். பல அடுக்குல பரவிக் கிடந்த எலக்ட்ரான், வோல்டேஜ் கொடுத்ததும் ஒரே அடுக்குல உட்கார்ந்துக்கும். ஒளி நீலப் பக்கம் நகரும். இழுத்தா ஓடணும், இது உட்காருது! (நாமதான் இழுத்த இழுப்புக்கு புனே வரைக்கும் வந்துட்டோம்.) இதுக்கு அடிப்படையான கணக்கை வானியர் 1960ல சொன்னார். 'அப்படி ஒன்னு இருக்கவே முடியாது'ன்னு எதிர்த்தவங்களும் உண்டு. 1988லதான் ஐபிஎம்ல மெண்டெஸ் குழு சோதனையில காட்டினாங்க. நடுவுல 28 வருஷம்!

இனி உங்க 'பிரயோஜனம்'. அந்த சிவப்புப் பக்க நகர்வை வச்சு, வோல்டேஜ் கொடுத்தா ஒளியை விழுங்குற, எடுத்தா விட்டுடுற ஒரு கதவு செய்யலாம். ஃபைபர் லைன்ல லேசரை ஒட்டி உட்கார்ந்து நொடிக்கு 1000 கோடி தடவைக்கு மேல 0, 1 போடற மாடுலேட்டர்கள் பலதும் இப்படித்தான் வேலை செய்யுது. அங்க சரக்கு இண்டியம் பாஸ்பைடு வகை, அவ்வளவுதான் வித்தியாசம். கிளையன்ட் கால், அதுல வர்ற சம்பளம், ஊர்ல இருக்கற அம்மாவோட வீடியோ கால், எல்லாம் ஓடறது இந்த ஃபைபர்லதான். இதே வானியர் 1937ல எக்ஸிடானுக்குக் கணக்கு போட்டப்ப ஃபைபர் லைனும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை. அன்னிக்கு அவரை உட்கார வச்சு 'என்ன பிரயோஜனம்'னு கேட்டிருந்தா என்ன பதில் சொல்லியிருப்பார்?

"வேலை கிடைக்கணும்ல சார்?" நியாயமான கேள்வி. வீட்டு லோன் எனக்கும் இருக்கு. எல்லாப் பிள்ளையும் பிஸிக்ஸ் படிக்கணும்னு நான் சொல்லலை. ஆசைப்படற பிள்ளையோட வாயை 17 வயசுலயே அடைக்காதீங்கன்னுதான் சொல்றேன். 2006ல இருந்து நம்ம புனேவுலயே ஐசர் இருக்கு. கோச்சிங் சென்டர் வாசல்ல மணிக்கணக்கா நிக்கிற நம்மில் எத்தனை பேர் அந்த வாசலைப் பார்த்திருக்கோம்?

அடுத்த தடவை அந்தப் பொண்ணு பிஸிக்ஸ்னு சொன்னா, "அது என்னதும்மா, எனக்கும் கொஞ்சம் சொல்லு"ன்னு கேட்டுப் பாருங்க. காசா பணமா?